கிடாரத்தில் நின்ற ராசா

எங்கள் வீட்டுக்குள் கிறிஸ்தவ வேதம் இரண்டு படச் சட்டங்களில் அடைபட்டு, பிரவுண் தாளில் சுற்றிக்கொண்டு, பரந்தன் பஸ்ஸில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை. முப்பதை நெருங்கியும் கலியாணம் ஒப்பேறாமல், எங்களோடு தங்கி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர் அறைச் சாமான்களைப் பங்கிட்டபோது மற்ற ஆசிரியைகள் பீங்கான் கோப்பைகளை எடுத்தார்களாம். சின்னம்மா படங்களை எடுத்தார். அந்தக் கோப்பைகளை நினைத்தே அம்மா ஒரு கிழமை புலம்பினார்.

அச்சு யந்திரம் வருமுன்னர் துறவிகள் கையால் எழுதிய புத்தகப் பக்கங்களின் பிரதிகளாம் அவை. ஓரமெல்லாம் பொன் நிறக் கொடிகள், கொடிகளுக்குள் முயலும் குருவியும். ஒரு படத்தில் குதிரையிலிருந்து ஒருவன் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தான். மற்றதில் கருநீல வானத்தின் கீழ் முடி சூடிய ராசா ஒருவர், இடுப்புவரை உடுப்பில்லாமல், எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற கிடாரம் போன்ற ஒன்றுக்குள் நின்றார். பக்கத்தில் நின்ற சாமியார் அவர் தலையில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் படமாகவே இருந்திருக்கும். ஆசிரியை அல்லவா, விளக்கம் சொல்லிவிட்டார்.

"இந்த ராசா வேதத்துக்கு மாறுறார் அக்கா. அதுக்குத்தான் சாமியார் தண்ணி ஊத்துறார். குதிரையிலை இருந்து விழுந்தவரும் பிறகு மாறினவர்தான்."

அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீ?"

"வடிவா இருக்கெண்டு கொண்டுவந்தனான்" என்றார் சின்னம்மா.

அந்தப் பதில் அம்மாவுக்குப் போதவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஊரையும் கோயிலையும் விட்டு வந்தாயிற்று, இனிச் சமயத்தையும் விட்டால் என்ன மிஞ்சும் என்பது அம்மாவின் பயம். அன்றிலிருந்து சின்னம்மா செய்ததெல்லாம் குற்றமாகப் பட்டது. சின்னம்மா வெள்ளிக்கிழமைகளில் மீன் மச்சம் சாப்பிடுவதில்லை. நாங்களும்தான் சாப்பிடுவதில்லை. ஆனால் அவர் விடுவது எங்கள் வெள்ளிக்காகவா வேதக்காரரின் வெள்ளிக்காகவா என்று அம்மா குசினியில் என் தகப்பனாரான ஐயாவைக் கேட்டார். ஐயா சோற்றைப் பிசைந்தபடி, இரண்டுக்கும் மீன் மிச்சம்தானே என்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தங்கச்சி தவழ்ந்துகொண்டிருந்தாள். ஆகவே உளவு பார்க்கிற உத்தியோகம் எனக்கே கிடைத்தது.

"விடிய அறைக்குள்ளை என்ன செய்யிறா எண்டு பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு. ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது" என்று சொல்லி அம்மா ஒரு துண்டுப் பனங்கட்டி தந்தார்.

பனங்கட்டிக்காக நான் எதையும் பார்ப்பேன். தவிர, ராசாவை உயிரோடு அவிக்கிறார்கள் என்றே நம்பியிருந்தேன். சின்னம்மாவுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதல்லவா. பஸ்ஸுக்குப் போகுமுன் சின்னம்மா தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த ராசாவுக்கு முன்னால் போய் நிற்பார். நான் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகும் கை எழும்பித் தாழ்வதும்தான். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் அம்மாவிடம் ஒப்புவித்தேன்.

"முதல் நெத்தியைத் தொட்டவா. பிறகு நெஞ்சைத் தொட்டவா. பிறகு இந்தத் தோள், அந்தத் தோள்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "சிலுவை போடுறாள்" என்றார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நான் அதையே சொன்னேன். பனங்கட்டித் துண்டு பெரிதாகிக்கொண்டு போனது. நான்காம் நாள் அம்மா யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டார். பெரிய மாமா ரயிலேறி வந்தார்.

விறாந்தையில் விசாரணை நடந்தது. "படத்துக்கு முன்னாலை நிண்டு என்ன செய்யிறனீ? உண்மையைச் சொல்லு" என்று மாமா கேட்டார். சின்னம்மா அவரையும் அம்மாவையும் பார்த்தார். எனக்குச் சரியாக நினைவிருக்கிறது, கடைசியாக என்னையும் பார்த்தார். பிறகு "ஒண்டுமில்லை அண்ணை" என்றார். பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. மாமா அவரைக் கையோடு கூட்டிப் போய், பெண்சாதியை இழந்த ஒருவருக்கு, தை பிறந்ததும் கட்டிவைத்தார். புறப்படும்போது சின்னம்மா என் தலையைத் தடவி, தன் சிவப்பு ரிப்பனைத் தந்துவிட்டுப் போனார். நான் அவருக்கு மறுபடி நல்லபிள்ளையாகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

படங்களைக் கழற்ற ஒருவருக்கும் துணிவில்லை. "ஆருடைய சாமியெண்டாலும் சாமி. ஏன் வீண் வில்லங்கம்?" என்றார் ஐயா. ராசா கிடாரத்துக்குள் நின்றபடியே இருந்தார்.

ஆறேழு வருடம் கழித்து அந்த அறை எனக்கு வந்தது. நான் தாவணி போடத் தொடங்கிய காலம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி, ஐயா சவரம் செய்கிற உள்ளங்கையகலக் கண்ணாடி. அது கிணற்றடியில் ஐயாவின் உயரத்துக்குத் தொங்கியது. ஒரு நாள் விடிய, பொட்டு நேராக இருக்கிறதா என்று தெரியாமல் அறைக்குள் திரும்பினேன். ஜன்னல் வெளிச்சத்தில், ராசாவின் கருநீல வானத்தை மூடியிருந்த படக் கண்ணாடியில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. நெற்றியைத் தொட்டுப் பொட்டைச் சரிசெய்தேன். நெஞ்சில் சங்கிலியை நேராக்கினேன். ஒரு தோளில் ஊசி குத்தினேன், மறு தோளில் சட்டையை இழுத்துவிட்டேன். கை அப்படியே நின்றுவிட்டது.

முகம் பார்த்தேன் என்று சின்னம்மா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் யாருக்காக என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அப்படி ஒருவர் இருந்தாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

வெட்கம் தாளாமல் கண்ணை எடுக்கப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பின்னால் அறை வாசல் முழுதாகத் தெரிந்தது. நிலையோடு ஒட்டிக்கொண்டு தங்கச்சி நின்றாள். கன்னம் ஒரு பக்கம் பனங்கட்டியால் உப்பியிருந்தது. தன்னை நான் காணவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அன்று நான் நினைத்ததைப் போலவே.