வெந்நீர் அடுப்பு மாடத்தில் இருந்த புட்டி

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்ற காலம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒரு தெருவில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அந்தக் குழந்தை சாப்பிடுவதைப் பார்த்தால் யாரும் பயந்துபோவார்கள். அவள் அப்பா சாப்பிடும் அளவு அவளும் சாப்பிடுவாள். கை அலம்பும்போதே, "அம்மா, அடுத்தாப்ல எப்போ?" என்று கேட்பாள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவேண்டுமே! கையும் காலும் முருங்கைக்காய், வயிறு மட்டும் பானை. ஒரு நாளைக்கு ஆறு தடவை கொல்லைப்பக்கம் ஓடுவாள். போனதில் நெய்யும் எண்ணெயும் அப்படியே மிதக்கும். ரேஷன் அரிசியில் என் பங்கையும் சேர்த்து அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

அவளிடம் இன்னொரு விசேஷம். நெற்றியில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் கன்னத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதனால் நான் வைத்த பெயர் உப்புக்கட்டி. "என் உப்புக்கட்டி எங்கே?" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள்.

பூச்சி மருந்து, விளக்கெண்ணெய், கஷாயம், மந்திரித்த கயிறு, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டை ஜீரணிக்கிற சாறு இந்தக் குழந்தையின் வயிற்றில் சரியாக இறங்கவில்லை, அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்றார். ஒரு பொடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் அரைக் கரண்டி என்றார். என் அஞ்சறைப்பெட்டியில் கடுகு எடுக்கிற குட்டிக் கரண்டி ஒன்று உண்டு. அதுதான் அளவு. மசித்த வாழைப்பழத்தில் பொடியைப் போட்டுக் கொடுத்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரே வாரத்தில் ஆறு தடவை இரண்டு தடவையாகக் குறைந்தது. சாப்பிட்ட பிறகு "போறும்மா" என்று முதன்முதலாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

பொட்டலம் தீர்ந்ததும், மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்த பெரிய புட்டியைத் தம்பானூர் ஸ்டேஷனில் போய் என் கணவர் வாங்கி வந்தார். என் வாய் சும்மா இருக்குமா? இவ்வளவு நல்ல மருந்தாயிற்றே என்று, "இது என்ன வேர்லேர்ந்து பண்றது?" என்று கேட்டேன். அவருக்குப் பொய் வராது. அதுதான் அவரிடம் கஷ்டம். கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். "வேர் இல்லை கேட்டயா, பன்னி வயித்துலேர்ந்து எடுக்கறதாக்கும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் வைத்து, அந்தக் கையாலேயே சாதம் வடித்து, நைவேத்தியமும் பண்ணியிருக்கிறேன்! அடுக்களையை மூன்று தடவை அலம்பினேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மருந்தை நிறுத்த எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. குழந்தை பிழைத்தால் போதும், கொடுத்துவிட்டு நான் குளிக்கிறேன், தீர்ந்தது விஷயம். ஆசாரத்தையும் குழந்தையையும் ஒன்றாகக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஏகப் பெருமை வேறு.

புட்டியைக் கொண்டுபோய்க் கொல்லைப்பக்கக் குளியலறையில், வெந்நீர் அடுப்புக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்தேன். கரண்டியும் அங்கேயே போயிற்று. வேளாவேளைக்குக் குழந்தையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி மருந்தைக் கொடுப்பேன். பிறகு என் கையைத் தேய்த்துக் கழுவி, அவள் வாயையும் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போவேன். "மருந்து எங்கே வெச்சிருக்கே?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். "பத்திரமா இருக்கு" என்றேன். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் குழந்தை மறுபடியும் கொல்லைக்கு ஓட ஆரம்பித்தாள். டாக்டர் அரைக் கரண்டியை ஒன்றாக்கினார். பிறகு ஒன்றரை, இரண்டு. எட்டு வாரத்தில் மூன்று கரண்டிக்கு வந்துவிட்டோம். அத்தனை பொடியைப் பழத்தில் குழைத்தால் பழமே தெரியாது. கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அழாமல் விழுங்குவாள் என் உப்புக்கட்டி. வாயோரம் புண்ணாகிவிட்டது. இடுப்பில் தூக்கினால் கனமே இல்லை.

அந்த நாட்களில் அவள் அடுக்களைக்குள் வருவதையும் நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையே கதி என்று கிடப்பாள். இப்போது நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே தட்டை நீட்டுவாள். நான் கூப்பிட்டாலும், "இங்கேயே இருக்கேம்மா" என்பாள். நடக்கத் தெம்பில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். இதற்குமேல் அளவை ஏற்ற முடியாது, வாய் வெந்துவிடும், பலிக்காத மருந்தை இந்தப் புட்டியோடு நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "நிறுத்தினா? அப்பறம்?" என்றேன். குழந்தை நிலைப்படியில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பருமனான மனிதர், நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. மலையாளிதான், ஆனால் எங்கள் தெருக்காரர்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மனது கேட்காமல் அவராகவே வந்திருந்தார். கூடத்தில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டவர், "அம்மா, இச்சிரி கஞ்சி கிட்டுமா? நல்ல கட்டியாயிட்டு வேணும்" என்றார்.

பாவம், பசியோடு வந்திருக்கிறார் என்று எனக்கு உருகிப்போயிற்று. நொய்க்கஞ்சியைக் கட்டியாகக் காய்ச்சி, மாவடு இரண்டும் வைத்துக் கொண்டு வந்தேன். அவர் விரலை விட்டுச் சூடு பார்த்தார். ஆறட்டும் என்று விசிறிக்கொண்டே இருந்தார். பிறகு அதைச் சாப்பிடாமல், "இன்னொரு கிண்ணம் கொண்டாருங்கோ. குழந்தைக்குக் கொடுக்கற மருந்தும் வேணும்" என்றார்.

புட்டியை எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அன்று காலையில் வெந்நீர் போட்ட கணப்பு இன்னும் அடுப்பில் இருந்தது. கையில் எடுத்தபோது புட்டி வெதுவெதுவென்று இருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டு புகை பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. தினம் மூன்று வேளை எடுத்த புட்டிதான், அன்றுதான் அதன் சூடு என் கைக்கு உறைத்தது. புடவைத் தலைப்பால் கரியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன்.

கம்பவுண்டர் புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் சமமாக ஊற்றினார். ஒன்றில் தன் சட்டைப்பையிலிருந்த சின்னப் புட்டியிலிருந்து பொடி போட்டுக் கலக்கினார், மற்றதில் எங்கள் பொடி. கட்டிதட்டிப் போயிருந்ததை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. "பொறுங்கோ, காணிச்சுத் தரேன்" என்று கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றியிருக்கும்.

பத்து நிமிஷம் போனதும் முதல் கிண்ணத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினார். அத்தனை கட்டிக் கஞ்சி, தண்ணீராக ஒழுகியது. இரண்டாவது கிண்ணத்தில் கரண்டி நட்டது நட்டபடி நின்றது.

"அம்மா, பேடிக்கண்டா, பயப்படாதீங்கோ. ரண்டும் ஒரே மருந்துதான். ஆனா இது செத்துப்போச்சு. சூடும் ஈரமும் தட்டினா இதுக்கு உயிர் நிக்காது. மூணு கரண்டியில்லை, முப்பது கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. எவிடெ வெச்சிருந்தது?"

சொன்னேன். எங்கே வைத்தேன் என்பதையும் ஏன் வைத்தேன் என்பதையும் சொன்னேன். எட்டு வாரம் கரியையும் கசப்பையும் குழந்தை வாயில் போட்டிருக்கிறேன். அவளை நானே கொண்டுபோய்த் தொலைக்க இருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் கணவர் இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும்தான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கலை" என்றார். அதற்குப் பதில் அவர் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கம்பவுண்டர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சின்னப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார். மறுபடி அரைக் கரண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கொதிக்கிற சாதத்தில் கலக்கக்கூடாது, நெய் சேர்ந்த சாப்பாடு என்றால் கொஞ்சம் கூட்டலாம், வாய் எரிந்தால் குறைக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். குழந்தையின் வயிறே கணக்குச் சொல்லும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். "வீட்டில நல்ல தணுப்புள்ள இடம் எதுவோ, அவிடெ வைக்கணும்."

எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான். அடுக்களை மூலையில், மணல் பரப்பி வைத்த குடிதண்ணீர்ப் பானையின் அடி. குளிக்காமல் நானே அந்தப் பானையைத் தொடமாட்டேன். என் கணவர் என் முகத்தையே பார்த்தார். நான் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பானைக்குப் பக்கத்தில் ஈரமணலைத் தள்ளிவிட்டு, ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் வைத்தேன். கையைக் கழுவவில்லை.

திரும்பினால், குழந்தை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது இப்போ தீட்டு இல்லையா?"

"இல்லைடி கண்ணா."

"அப்போ நானும் உள்ளே வரலாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தீட்டான மருந்து அவள் வயிற்றுக்குள் இருக்கிறது, அதனால் அவளும் தீட்டு. நான் ஒவ்வொரு வேளையும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்து, இத்தனை வாரமாக அவளாகவே தன்னை வெளியே வைத்துக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை, ஒரு தடவை அழவுமில்லை. "வாடி என் உப்புக்கட்டி" என்றேன். ஓடி வந்து மடியில் விழுந்தாள். அன்று அவள் நெற்றி கரித்ததா, என் கண்ணீர் கரித்ததா, தெரியாது.

கூடத்திலிருந்து கம்பவுண்டர் குரல் கொடுத்தார். "அம்மா, கஞ்சி பாக்கி உண்டெங்கில் இப்போ கழிக்கலாம், பசிக்கறது. அந்த மாவடு விடறதுக்கில்லை." அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. வேறு கஞ்சி காய்ச்சி, அடுக்களைக்குள்ளேயே எல்லோருக்கும் தட்டுப் போட்டேன். குழந்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரைக் கரண்டி மருந்தைச் சாப்பிட்டாள்.

சரியான அளவு பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. வெறும் மோர்சாதத்துக்கு முக்கால் கரண்டி, பருப்பும் நெய்யும் சேர்ந்தால் ஒன்று, பண்டிகை நாளில் அதற்கும் கொஞ்சம் மேலே. போகப்போக, தட்டைப் பார்த்ததும் அவளே அளவு சொல்ல ஆரம்பித்தாள். "இன்னிக்கு வடை இருக்கு, குவிச்சுப் போடும்மா" என்பாள். விலா எலும்பு மறைந்தது. பள்ளிக்கூடம் போனாள். என்னை எதிர்த்துப் பேசினாள்; அதைப்போல எனக்கு இனித்தது எதுவுமில்லை.

அவளுக்கு இருந்தது என்ன நோய் என்பதும், அந்த உப்பே அதன் அடையாளம் என்பதும் பல வருஷங்களுக்குப் பின்தான் எங்களுக்குத் தெரிந்தது. வயிற்றோடு நிற்காமல் போகப்போக நெஞ்சிலும் சளியைக் கட்டுகிற நோய் அது; அந்தச் சளிக்கு அந்தப் பொடியில் மருந்தில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் எங்களோடு பதினோரு வருஷம் இருந்தாள், அத்தனை நாளும் என் அடுக்களைக்குள்ளேயே இருந்தாள். இன்று எங்கள் வீட்டுக்கு யார் குழந்தை வந்து நிலைப்படியில் தயங்கி நின்றாலும், குளித்ததா, என்ன சாப்பிட்டது என்று எதையும் கேட்காமல், கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது.