சாம்பிராணிக்கு ஒரு கட்டம்

மண்டைதீவுச் சந்தியில் எனக்கொரு சின்னப் பலசரக்குக் கடை. போன மாசி மாதம் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்து, புகையை அளக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கடையின் முன்தூணில் கட்டினாள். அதே மாதிரி இன்னொரு பெட்டி யாழ்ப்பாண நகரத்துச் சந்தியொன்றில் இருந்தது. அங்கே அளந்ததிலிருந்து எங்கள் ஊர்க் காற்றில் உள்ளதைக் கழித்தால், நகரத்து வாகனங்கள் கக்குவது எவ்வளவென்று தெரியுமாம்.

என் வேலை, மணிக்கொருதரம் வாகனங்களை எண்ணிக் கொப்பியில் எழுதுவது. பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று நாலு கட்டம். கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளை வந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு விசுக்கெண்டு ஏறுது. உங்கட கொப்பியில அந்த நேரம் ஒரு பஸ்தான். ஏதும் எண்ணாமல் விட்டிட்டீங்களோ?"

ஆறு மணி என்றதும் விளங்கிவிட்டது. அது நான் விளக்கு வைக்கிற நேரம். கடை முழுக்கச் சாம்பிராணி காட்டி, கடைசியில் தட்டத்தை அந்தத் தூணடியில்தான் வைப்பேன். அந்தப் பெட்டி சாமிக்குக் காட்டுகிற புகையையும் அளக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

சாமான் வாங்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம் பிள்ளை, ஒண்டிரண்டு விட்டிருப்பன்" என்றேன்.

"பரவாயில்லை, நான் சேர்த்துப் போடுறன்" என்று சொல்லி எதிரே பஸ்சுக்குப் போய் நின்றாள்.

சீனி கேட்டவருக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தேன்.

"என்ன அண்ணை, தேத்தண்ணிக்கு உப்போ போடச் சொல்லுறியள்?"

என் தங்கச்சி மற்றப் பெட்டி இருக்கிற அந்த நகரத்துச் சந்தியில்தான், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பழம் விற்கிறவள். அவள் விழுங்குகிற புகையிலிருந்து என் சாம்பிராணி கழியப்போகிறது. கணக்கில் அந்தச் சந்தி சுத்தமாகிவிடும்.

பஸ் வந்தது. பிள்ளை ஏறிவிட்டாள். தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"பிள்ளை, அது பஸ் இல்லை! சாம்பிராணி!"

"சாம்பிராணிக்கும் டிக்கெற் போடுறதோ அண்ணை?" என்றார் நடத்துனர். பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்தாள்.

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"ஆக்கள் நிண்டவை. வெக்கமாய் இருந்தது."

அவள் பஸ் யன்னல்களில் நிறைந்திருந்த தலைகளைப் பார்த்தாள். பிறகு, "இன்னுமொரு கிழமை எண்ணுங்கோ" என்றாள்.

அன்று பின்னேரம் தட்டத்தைக் கடையின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கடற்காற்று புகையை முன்னுக்கே தள்ளியது. கொப்பியில் ஐந்தாவது கட்டம் ஒன்று கீறி, ஆறு மணிக்கு நேரே எழுதினேன்: சாம்பிராணி, ஒன்று.