வெள்ளக்கடைக்கு ஒரு வெட்டுத் தீர்மானம்

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஜெயகுமாரி தன் கணவரை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலை இறங்கினாள். பழைய நூல் புடவையை நாலாக மடித்து, அவர் இடுப்பைச் சுற்றி முன்னால் இழுத்து, தன் வயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். பிறகுதான் ஸ்கூட்டியைக் கிளப்புவாள். சேலம் போய்ச் சேர்வதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் ஏதாவது ஒன்றில் சூசைமாணிக்கத்துக்குக் கண் செருகிவிடும். எந்த வளைவு என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

"அன்னிக்குத் தாலிய நான் கட்டினேன். இப்ப மொத்தமா நீ கட்டற" என்பார் அவர்.

"பேசாம வாங்க. பேசினா மூச்சு வாங்குது."

இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர் அவர். முதுகு வலிக்கு மாத்திரையை மிட்டாய் மாதிரித் தின்றதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சேலம் ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாற்காலி அவருக்கு ஒதுக்கியிருந்தது. எட்டரைக்குள் ஆள் வராவிட்டால், வெளியே காத்திருக்கிற பதினொரு பேரில் முதல் ஆளுக்கு அது போய்விடும். ஒரே ஒரு தடவை அப்படிப் போனது. மூன்றாம் நாள் முகம் பூசணிக்காயாக வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே கிடந்தார். இன்னொரு தடவை தவறினால் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் வழக்கமாகவே பொறுப்பேற்கிற ஆள் இல்லை என்றாலும், அன்றைக்குச் சொன்ன விதம் வேறாக இருந்தது.

அவர்கள் ஊர் வெள்ளக்கடை. அங்கிருந்து ஏற்காடு வழியாக சேலத்துக்கு விடிகாலை ஐந்து நாற்பதுக்கு ஒரு பஸ் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் அவரிடமாவது போய்ச் சண்டை போட்டிருக்கலாம். வாரம் இரண்டு முறை வாடகை ஜீப் பிடிக்கக் கையில் காசில்லை. அப்படித்தான் புடவையும் ஸ்கூட்டியும் வந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரார் குறை தீர்க்கிற இடத்தில்தான் ஜெயகுமாரிக்கு வேலை. ஏற்காடு கடைவீதியில், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில், பதினொரு வருஷமாக டைப்பிஸ்ட். மூன்று உறுப்பினர்கள் மாறினார்கள், சுவரில் படங்கள் மாறின, அவளும் அவளுடைய கம்ப்யூட்டரும் மாறவில்லை. குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன், காட்டெருமை புகுந்த காப்பித் தோட்டம் என்று எது வந்தாலும் கடிதத்தின் கடைசி வரி ஒன்றுதான்: "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." பத்து வருஷம் அடித்த பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் 'ஆவன' என்றால் என்ன என்று கேட்டாள். ஆக வேண்டியவை என்றார் அவர். ஆக வேண்டியவை ஆகாமலே இருப்பதற்கு இவ்வளவு லட்சணமான தமிழ் இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பஸ்ஸுக்காக ஊர்ப் பெயரில் நாலு மனு அவளே அடித்து அனுப்பினாள். நாலு முறையும் அவள் போனுக்கே செய்தி வந்தது: தங்கள் மனு ஏற்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.

பங்குனி மாதம் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம். ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்குகிற காலம். உறுப்பினர் ஐயாக்கண்ணு சென்னையிலிருந்து போன் செய்தார்.

"அம்மிணி, நாளைக்குள்ள போக்குவரத்துக்கு நாப்பது வெட்டு வேணும்."

"அடிச்சுடறேனுங்க ஐயா."

வெட்டு என்றால் வெட்டுத் தீர்மானம். எதிர்க்கட்சி உறுப்பினர் பஸ் வேண்டும் என்று நேராகக் கேட்க மாட்டார். போக்குவரத்து மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பார். எதற்காக என்பது அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் வரும்: இன்ன ஊருக்குப் பேருந்து இயக்கத் தவறியதை விவாதிக்க. நூறு ரூபாயை யாரும் குறைக்கப்போவதில்லை. எல்லா வெட்டுகளும் ஒரே குரலில் தோற்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மனுவை முடித்துவைக்கிற மாதிரி இதை முடித்துவைக்க முடியாது. கொடு என்று கேட்டால் கிடைக்காத பதில், குறை என்று கேட்டால் கிடைக்கும். ஜெயகுமாரி நாற்பது அடித்தாள். பதினேழாவது வெள்ளக்கடை. மெயிலில் போனதை ஐயாக்கண்ணு சென்னையிலேயே எடுத்து, வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அச்சிட்ட தாள் எப்படியோ வெள்ளக்கடை குழந்தைவேல் கைக்கு வந்தது. அவர் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அடைப்புக்குறி வரிகளைக் கீழே மடித்துவிட்டுப் போட்டோ எடுத்தார், அவ்வளவுதான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது: வெள்ளக்கடை பஸ் காசில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் நம் எம்.எல்.ஏ.

சனிக்கிழமை ஐயாக்கண்ணு ஏற்காட்டில் மனு வாங்குகிற நாள். வெள்ளக்கடையிலிருந்து முப்பது பேர் வந்து அறையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் ராசம்மாள். காப்பிக்கொட்டை பறிக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி. பேச்சிலும் மேஸ்திரிதான்.

"ஏனுங்க ஐயா, நாங்க பஸ்ஸுதான் கேட்டோம். காசக் கொறைக்கச் சொல்லி எழுதியிருக்கறீங்களாமா?"

"அது அப்படி இல்லீங்கம்மா. அது ஒரு முறைங்க. கொறைக்கச் சொன்னாத்தான் அங்க எடுத்துக்குவாங்க."

"அப்படிங்களா. எங்கூலியக் கொறைங்கன்னு எஸ்டேட் ரைட்டர்கிட்டக் கேட்டா அவரு கூட்டிக் குடுத்துருவாருங்களா?"

அறை சிரித்தது. ஐயாக்கண்ணுவும் சிரித்துப்பார்த்தார், தோதுப்படவில்லை. ஜெயகுமாரி மானிட்டருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"ராசம்மாக்கா, அது கீழ அடைப்புக்குறிக்குள்ள..."

"நீ சும்மா இரு கண்ணு. உன் ஊட்டுக்காரருக்கும் சேத்துத்தான் பேசறோம்."

ராசம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறு ரூபாய் நோட்டை மேசைமேல் வைத்து நீவிவிட்டாள். "ஊரே சேந்து போட்டதுங்க. கொறையற நூறை நாங்களே கட்டிடறோம். இதை அங்க குடுத்துட்டு பஸ்ஸ உடச் சொல்லுங்க."

இரண்டு தேர்தல் பார்த்த ஐயாக்கண்ணு நோட்டையும் முப்பது முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க. அந்தத் தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். முப்பது பேரும் கை தட்டினார்கள். தங்கள் பஸ்ஸைக் கேட்கிற ஒரே தாளைத் திருப்பி எடுக்கச் செய்துவிட்டு, நொம்ப சந்தோஷமாக ஊருக்குப் போனார்கள்.

"அம்மிணி, பதினேழாம் நம்பர் வாபஸ்னு ஒரு லெட்டர் அடி. இன்னிக்கே போயிரோணும்."

அடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஜெயகுமாரி அந்தக் கடிதத்தோடு நூறு ரூபாய் நோட்டையும் குண்டூசியால் குத்தி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பதினொரு வருஷத்தில் அவள் அனுப்பாத முதல் கடிதம்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்நாள் மழையில் ரோடு ஈரமாகவே கிடந்தது. பன்னிரண்டாம் வளைவில் மேலே ஏறிவந்த லாரிக்கு ஒதுங்கும்போது பின்சக்கரம் வழுக்கியது. சேர்த்துக் கட்டியிருந்ததால் சேர்ந்தே விழுந்தார்கள். அவளுக்கு முழங்கை கிழிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்திருக்கத்தான் தெம்பில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பது. நாற்காலியில் வேறு யாரோ கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மாலை மூன்று மணிக்கு ஒரு இடம் காலியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அதுவரை வராந்தாத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சை எண்ணியபடி உட்கார்ந்திருந்தாள்.

"குமாரி, அடுத்த தடவ கட்டாத."

"ஏனுங்க?"

"ஒருத்தரு உளுந்தாப் போதும்."

முடிச்சின் தடம் இருவர் வயிற்றிலும் சிவந்திருந்தது. மூன்றரைக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்துக்குத் துறையின் பதில் வந்திருந்தது. நாற்பதுக்கும் நாற்பது பதில். பதினேழாவதை மூன்று முறை படித்தாள்: 'வெள்ளக்கடை கிராமத்திற்குக் காலை 5.40 மணிப் பேருந்து நடை தங்குதடையின்றி இயக்கப்பட்டு வருகிறது. எனவே இது குறித்து விவாதிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.' அரசாங்கக் கணக்குப்படி, நேற்று அவர்கள் இருவரும் பஸ்ஸில்தான் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. கட்டாதே என்று சொன்னவரைக் கட்டித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவர் நாற்காலியில் இருந்த நாலு மணி நேரத்தில், அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போனாள். கிளை மேலாளர் நல்ல மனிதராக இருந்தார். அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"தாள்ல ஓடுதுங்கம்மா. டிரைவர் பத்தல. ஓடலைன்னு எழுதினா மேல இருந்து மெமோ வருது. ஓடுதுன்னு எழுதினா ஒண்ணும் வர்றதில்ல. நீங்களா இருந்தா எதை எழுதுவீங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா இது சபைக்குக் குடுத்த பதிலுங்க. பொய்யின்னா உரிமை மீறலுங்க. மந்திரி மேல நோட்டீஸ் குடுக்கோணும்னு எங்க ஐயா சொல்லியிருக்கறாரு. திங்கக்கிழமை நான்தான் டைப் அடிக்கோணும்."

ஐயா அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழாம் நம்பரை வாபஸ் வாங்கிவிட்டோம் என்று அவர் நிம்மதியாக இருந்தார். இந்த மேலாளர் ஒரு போன் போட்டுக் கேட்டால் பதினொரு வருஷ வேலை போகும். மேலாளர் போனை எடுத்தார். அவள் முழங்கைக் கட்டைப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

"நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னால, செவ்வாய்க்கிழமை ஒரு தடவ ஸ்டாப்புல நின்னு பாத்துருங்களேன்."

செவ்வாய்க்கிழமை ஐந்து நாற்பதுக்கு பஸ் வந்தது. சூசைமாணிக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபது வளைவையும் விழித்தபடி பார்த்துக்கொண்டு வந்தார். ஜெயகுமாரிதான் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை ராசம்மாள் மாலையோடு வந்தாள். நூறு ரூபாய் கட்டியதால்தான் பஸ் வந்தது என்பது ஊரின் முடிவு. "பாத்தியா அம்மிணி, நாசூக்கா வாபஸ் வாங்கினதும் உட்டுட்டாங்க. அரசியல்னா இதுதான்" என்றார் ஐயாக்கண்ணு. இதை அரசின் சாதனை என்று குழந்தைவேல் குழுவில் படம் போட்டிருந்தார், இம்முறை எதையும் மடிக்காமல். ஜெயகுமாரி எல்லோருக்கும் தலையாட்டினாள். புடவையைத் துவைத்துக் கரித்துணியோடு சேர்த்துப் போட்டாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை தலைச்சோலையிலிருந்து காமாட்சி என்று ஒரு அம்மாள் வந்தாள். மருமகள் சுஜாதாவுக்கு ஏழாம் மாதம், ரத்தக்கொதிப்பு. வாரம் ஒருமுறை சேலத்துக்குக் காட்டப் போக வேண்டும்.

"காலைல ஆறு மணி பஸ்ஸுங்க. போன செவ்வாயில இருந்து வரலீங்க. டிரைவர வேற ஊருக்கு மாத்திப் போட்டுட்டாங்களாமா."

ஜெயகுமாரியின் விரல் கீபோர்டில் நின்றது. "எந்த ஊருக்குன்னு சொன்னாங்களா?"

"எந்த ஊரா இருந்தா என்னங்க. அங்கயும் யாருக்காச்சும் முடியாம இருக்கும்."

அதற்குள் விரல்கள் பழக்கத்தில் கடைசி வரியை அடித்திருந்தன. 'ஆவன செய்யுமாறு.' இப்படி அனுப்பினால் பத்து நாளில் முடித்துவைக்கப்பட்டது என்று செய்தி வரும். வெள்ளக்கடைக்கு பஸ் ஓடிக்கொண்டிருக்கும். காமாட்சி எதிரில் உட்கார்ந்து, மனு நன்றாக வர வேண்டும் என்று கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். ஜெயகுமாரி அந்த வரியை அழித்தாள். அடித்தாள்: 'தலைச்சோலை ஆறு மணிப் பேருந்து கடந்த செவ்வாய் முதல் ஓடவில்லை. ஓடுவதாகவே கணக்கில் காட்டப்பட்டிருக்கும். அதன் ஓட்டுநர் வெள்ளக்கடை நடைக்கு மாற்றப்பட்டுள்ளார்.' கிளை மேலாளரின் பெயரையும் டெப்போ போன் நம்பரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, என்ன சொல்ல வேண்டும் என்பதையும் காமாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சாயங்காலம் வீட்டில் கரித்துணி மூட்டையைப் பிரித்து அந்தப் புடவையை எடுத்து நாலாக மடித்தாள். ஸ்கூட்டி சீட்டைத் தூக்கி அதற்கடியில் வைத்தாள். சூசைமாணிக்கம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அது? நாளைக்குத்தான் பஸ் இருக்குதே."

"இருக்குதுங்க" என்றாள். "நாளைக்கு இருக்குது."