ஐந்தரை மணி சாம்பிள்

கழிவுநீர் நிலையத்தில் அவளுக்குப் பெயர் அஞ்சரை அக்கா. வெயிலோ மழையோ, காலை ஐந்தரை மணிக்கு வாளியும் பாட்டிலுமாக நுழைவுக் கால்வாய் ஓரத்தில் வந்து நின்றுவிடுவாள். அவளைப் பார்த்துத்தான் கடிகாரத்தையே சரிசெய்கிறோம் என்று பம்ப் ஆட்கள் கேலி பேசுவார்கள். ஊர் கழித்துவிட்ட தண்ணீரை உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் அள்ளி, எவ்வளவு அழுக்கு என்று லேபில் சோதித்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடம் போட்டாள். கைராசிக்காரி என்று வேறு சொன்னார்கள், ஏனென்றால் அவள் எழுதும் எண் எப்போதும் விதிக்குள் அடங்கியது.

அடங்காமல் என்ன செய்யும்? ஐந்தரை மணிக்கு ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். யாரும் குளிக்கவில்லை, துவைக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை. குழாயில் வருவதில் பாதி, நிலத்திலிருந்து கசிந்த தண்ணீர். அந்த நேரத்தில் அள்ளினால் எந்த ஊரும் உத்தமமான ஊர்தான். நாளைக்கு ஒரு சாம்பிள் என்று விதி சொன்னதே தவிர, எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் யாரோ எப்போதோ ஆரம்பித்த வழக்கம் அது. எல்லாருக்கும் வசதியாக இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

அவளுக்கு மட்டும் உறுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்கு உண்மை தெரியும், அதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருநாள் பஸ் வழியில் நின்றுபோய், ஒன்பது மணிக்கு வந்து அள்ளினாள். சோதனையில் எண் இரண்டு மடங்கு வந்தது. பதறிப்போய், அப்போது லேபுக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் காட்டினாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்பது மணிக்கு ஊரே குளிக்குதும்மா, அப்படித்தான் வரும். இதை எழுதாத. இனிமே அஞ்சரைக்கே எடு," என்றார். அவள் எழுதவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் அந்தப் பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்தாள்.

ஒருமுறை, நிலையத்துத் தண்ணீர் போய் விழும் ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து ஒரு பெண், நுரைத்த ஆற்றுத் தண்ணீரை வாளி நிறையத் தூக்கி வந்து லேப் மேஜைமேல் வைத்தாள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி என்றாள். அஞ்சரை அக்கா அன்றைய எண் எழுதிய தாளை எடுத்து நீட்டினாள். எண்ணோடு யார் சண்டை போட முடியும்? அந்தப் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஒரு கெடு தேதியிலிருந்து, ஆற்றில் விடும் தண்ணீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயந்திரமே மணிக்கு மணி அள்ளிச் சோதிக்கும். அதற்குள் நிலையத்தைப் பெரிதாக்கிவிட வேண்டும். டிசைன் இன்ஜினியர் ஒருத்தி வந்தாள், முப்பது வயதுக்குள், எதையும் இரண்டு தடவை கேட்பவள். பழைய தொட்டிகளுக்குப் பக்கத்தில் பெரிய குழி தோண்டிக் கம்பி கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அடித்தளத்துக்குக் கான்கிரீட் என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய வாரம் திங்கட்கிழமை, சைட் ஆபீஸ் சுவரில் வரைபடம் ஒட்டியிருந்தது. எல்லாரையும் போல வேடிக்கை பார்க்கத்தான் அஞ்சரை அக்கா போனாள். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது: உள்ளே வரும் கழிவின் அழுக்கு அளவு 140, ஆதாரம், நிலைய லேப் பதிவேடு. தூங்குகிற ஊரின் அழுக்கை வைத்து, விழித்திருக்கும் ஊருக்குத் தொட்டி கட்டப்போகிறார்கள். கான்கிரீட் விழுந்துவிட்டால் அதை யாராலும் நீட்ட முடியாது.

சும்மா போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? கையில் எண் வேண்டும். செவ்வாய் காலையிலிருந்து புதன் காலை வரை, மணிக்கு ஒரு பாட்டில் எடுக்க வைத்தாள். அவள் வீட்டிலிருந்த நேரத்துக்குப் பம்ப் ஆட்கள் எடுத்தார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருபத்து நான்கையும் கலந்து, சூடு மாறாமல் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்தாள். இந்தச் சோதனைக்கு அவசரம் ஆகாது. அழுக்கைத் தின்னும் கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்தன என்று பார்க்க, பாட்டில் இருட்டில் ஐந்து முழு நாள் இருந்தாக வேண்டும். புதனிலிருந்து ஐந்து நாள் என்றால் திங்கள். கான்கிரீட்டுக்கு ஒரே ஒரு நாள் முன்பு.

அந்த ஐந்து நாளும், எண் குறைவாக வந்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வந்தால் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை மின்சாரம் போனபோது பெட்டியின் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும் வரை அப்படியே நின்றாள். சோதனை கெட்டுப்போனால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எண் வந்தது. 262. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள், அது அசையவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டிடம் போனாள். அன்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காத அதே மனிதர்தான், படிப்படியாக ஏறி இப்போது நிலையத்துக்கே சூப்பிரண்டு. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒரு நாள் சோதனையை வைத்து ஆட முடியாது, வாரியத்துக்கு என்ன பதில் சொல்வது, கான்கிரீட் ஊற்றிய பிறகு தண்ணீரில் மருந்து போட்டுச் சமாளிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் குரல் தணிந்தது. பழைய தாள்களில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் கணவனும் அதையே சொன்னார். அவருக்குத் தையல் மெஷின் ரிப்பேர் வேலை. கண் மங்கிப்போய் இரண்டு வருடமாகப் பாதி வேலைதான். பிரித்துப் போட்ட மெஷினின் திருகுகளைத் தட்டில் அள்ளியபடியே பேசினார். "நீ சொன்னா முதல்ல உன்னைத்தான் பிடிப்பாங்க. சொல்லலைன்னா யாருக்கும் எதுவும் தெரியாது. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"ஆறு மாசத்துல வாரியத்துக்காரங்க மெஷின் வச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. தொட்டியை அப்ப என்ன பண்றது?" என்றாள் அவள்.

அவர் கடைசித் திருகையும் தட்டில் போட்டார். நேரத்துக்குப் படுக்கச் சொன்னார். அவள் படுத்தாள், தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு நுழைவுக் கால்வாயைத் தாண்டி, வாளியைத் தொடாமல் நேராகக் குழிக்குப் போனாள். பம்ப் ஆள் ஒருவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஆறரைக்கு முதல் கான்கிரீட் லாரி வந்து, முதுகிலிருந்த உருளையைச் சுற்றிக்கொண்டே நின்றது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கலந்த கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. கான்ட்ராக்டர் கத்திக்கொண்டே அங்குமிங்கும் ஓடினார். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இன்ஜினியர் வந்து சேர்ந்தாள். அஞ்சரை அக்கா அவள் தலைக்கவசத்தை மாட்டக்கூட விடவில்லை.

"மேடம், நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கீங்களே, அது விடியக்காலை எடுத்தது. எல்லாமே விடியக்காலை எடுத்தது. நிஜம் இருநூத்தி அறுபத்திரெண்டு."

இன்ஜினியர் வழக்கம்போல இரண்டு தடவை கேட்டாள். எப்போது எடுத்தது, எத்தனை பாட்டில், இன்குபேட்டர் சூடு என்ன என்று விசாரித்தாள். செல்போனில் கணக்குப் போட்டாள். கான்கிரீட் பம்பின் நீளக் குழாய் குழிக்கு மேலே வந்து தொங்கிற்று. கான்ட்ராக்டர் கையைத் தூக்கி, ஆரம்பிக்கலாமா என்று சைகை செய்தார். இன்ஜினியரும் கையைத் தூக்கினாள், வேண்டாம் என்று. மூன்று லாரியும் வந்த வழியே திரும்பின. கான்ட்ராக்டர் யார் யாரையோ திட்டினார். அதில் பாதி அஞ்சரை அக்காவின் பரம்பரைக்குப் போய்ச் சேர்ந்தது.

சைட் ஆபீஸுக்குக் கூட்டிப்போய், நிறுத்தியதற்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்றாள் இன்ஜினியர். அவள் கேட்டது இரண்டுதான்: சாம்பிள் தவறான நேரத்தில் எடுக்கப்படுகிறது என்று எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது. வெள்ளைத் தாளை நீட்டிவிட்டு மேலிடத்துக்குப் போன் பேச வெளியே போனாள். உள்ளே, செய்தி கேட்டு வந்திருந்த சூப்பிரண்டும் அஞ்சரை அக்காவும் மட்டும்.

சூப்பிரண்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"போன வாரம்னு எழுதும்மா. படத்தைப் பார்த்தப்பதான் சந்தேகம் வந்துச்சு, உடனே சோதிச்சேன்னு எழுது. நானும் கீழ கையெழுத்துப் போடறேன். உன்னாலதான் தப்பிச்சோம்னு பேர் வரும். யாருக்கும் சேதம் இல்ல."

பொய் என்றால் முழுப் பொய்யும் இல்லை. அவள் பேனாவைத் திறந்தாள். போன வாரம் என்று எழுதினால் வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும், கூடவே ஒரு பாராட்டும் வரும். ஆனால் இந்த ஒரு எண் மட்டும்தான் தப்பு என்று ஆகிவிடும். அம்மோனியா, எண்ணெய், வண்டல் என்று அவள் எழுதிய மற்ற ஐந்தரை மணி எண்களையெல்லாம் நம்பி மிச்சத்தைக் கட்டுவார்கள். இரண்டு தடவை கேட்கிற அந்தப் பெண்கூட, இவள் தெரிந்தே மறைத்தாள் என்று நினைக்கமாட்டாள். தெரியாமல் நடந்த பிசகு என்றுதான் நினைப்பாள்.

பதினேழு வருடத்துக்கு முந்திய தேதியை எழுதினாள். பஸ் நின்றதை எழுதினாள். காட்டினேன், எழுதாதே என்று சொன்னார்கள், எழுதவில்லை என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

சூப்பிரண்டு தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். படித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

"என் பேரை எழுதல?"

"இல்ல சார்."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லுவேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டியபடியே, லேப் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். மற்றதைக் கடிதத்தில் அனுப்புவார்களாம். அவள் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றித் தாள்மேல் வைத்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது.

"சார், இன்னைக்கு சாம்பிள் எடுக்கல," என்றாள் வாசலில் நின்று. "யாரை அனுப்பினாலும் ஊர் முழிச்சப்புறம் அனுப்புங்க."