மஞ்சளும் நூற்றிருபது நாற்காலி உறைகளும்

வாசுகிக்குக் கடையில் காசு கொடுத்துச் சவர்க்காரம் வாங்குவதென்றால் வயிறு எரியும். "கழுவிட்டு சாக்கடையில ஊத்துறதுக்கா இவ்ளோ காசு?" என்பாள்.

மலேசியாவில் குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவள். பள்ளி முடித்த கையோடு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் உழைத்தாள். போன வருடம் அதை இழுத்து மூடிவிட்டார்கள். கணவன் பரஞ்சோதி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் சம்பளம் இருபதாம் தேதிக்கே மூச்சு வாங்கும். ஆகவே வாசுகி வீட்டுச் செலவில் கைவைத்தாள். அன்னாசித் தோலை வெல்லத்தோடு ஊறப்போட்டு, எலுமிச்சை மணக்கும் செராய்ப் புல்லை நசுக்கிச் சேர்த்துத் தரை துடைக்கும் தண்ணீர் செய்தாள். வாழைப்பழம் பொரிக்கும் கோரேங் பிசாங் கடையில் மிஞ்சிய எண்ணெயை வாங்கிவந்து, வடிகட்டி, காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கட்டிச் சவர்க்காரம் போட்டாள். கையுறைக்கு மட்டும் பஞ்சமில்லை. தொழிற்சாலையில் கடைசி நாளன்று ஆளுக்கு ஆறு பெட்டி கொடுத்திருந்தார்கள். சிக்கனம் என்பது பாதிதான். மீதிப் பாதி, கட்டி இறுகுவதை எட்டி எட்டிப் பார்ப்பதில் அவளுக்கிருந்த குஷி.

குருணில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சுப்பிரமணியம் ஒரு நாள் கடைத்தெருவில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். மண்டபத்து வெள்ளை நாற்காலி உறைகளைச் சலவைக்குப் போட்டால், பிளீச் ஊற்றி ஊற்றித் துணியையே பொடியாக்கி அனுப்புகிறார்களாம். பக்கத்தில் நின்ற வாசுகி சும்மா இருந்திருக்கலாம். அவளாவது, சும்மா இருப்பதாவது!

"அண்ணே, எங்கிட்ட குடுங்க. எஞ் சவக்காரத்துல தொவச்சுத் தரேன். பிளீச் ஒரு சொட்டு படாது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தடவ பாக்குறேன். வெள்ளிக்கிழம வெள்ளையா வரணும். ஞாயித்துக்கிழம கல்யாணம் இருக்கு. சரிப்பட்டா வாரா வாரம் உனக்குத்தான் வேல."

வாரா வாரம் வேலை! அன்றிரவு வாசுகிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொந்தக் கையால், சொந்தச் சவர்க்காரத்தால் சம்பாத்தியம் என்று நினைக்க நினைக்க இனித்தது.

செவ்வாய்க்கிழமை காலை நூற்றிருபது பருத்தி உறைகள் வந்து இறங்கின. வாழையிலை விருந்து முடிந்த உறைகள் அல்லவா, எல்லாவற்றிலும் சாம்பாரும் குருமாவும். மஞ்சள் கறை இல்லாத ஒன்றைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அவள் நான்கு பெரிய தொட்டிகளில் சவர்க்காரத்தைக் கரைத்து எல்லாவற்றையும் முக்கினாள். ஒரு சுற்றுக் கிளறிவிட்டுக் குனிந்து பார்த்தாள். மஞ்சளாக இருந்த கறையெல்லாம் செக்கச்செவேல் என்று மாறியிருந்தது.

பக்கத்து வீட்டு நளினி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, என்னக்கா, கெடா வெட்டுனீங்களா?"

காலைச் சுற்று முடித்து வந்த பரஞ்சோதி தலையில் கை வைத்தான். "பேசாம பிளீச் வாங்கி ஊத்திரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"மாட்டேன். வாய் விட்டுச் சொல்லியிருக்கேன்."

ரோஷமாகச் சொல்லிவிட்டாள், ஆனால் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தபோது அழுகை முட்டியது. வேலை போனது போகட்டும். அடுத்தவர் துணியை நாசமாக்கியவள் என்று குருண் முழுக்கப் பேசுமே! அந்தச் சிவப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த சிவப்பு. எங்கேயோ என்ன, அவளே எத்தனை முறை கலக்கியிருக்கிறாள்! அவர்கள் குடியிருக்கும் தாமானில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஆரத்தி கரைப்பது வாசுகிதான். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்தால் இதே சிவப்பு. சுண்ணாம்பும் காரம், சவர்க்காரமும் காரம்.

"அடக் கடவுளே! இது ஆலாத்திங்க!"

"அப்ப நூத்தியிருவது நாக்காலிக்கும் சேத்து சுத்திப் போட்டிருக்கே," என்றான் பரஞ்சோதி.

அவள் காதில் வாங்கவில்லை. காரம் சிவக்க வைத்தால் புளிப்பு அதை அடக்க வேண்டும். ஓடிப்போய் எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்துவந்து ஒரு கறையில் பிழிந்தாள். கண்ணெதிரே சிவப்பு மஞ்சளானது. நளினி கை தட்டினாள். ஆனால் நூற்றிருபது உறைக்கு எலுமிச்சை வாங்கினால் கூலியே காணாது. நளினியே வழி சொன்னாள். அவள் வீட்டுப் பின்புறம் பெலிம்பிங் மரம் காய்த்துக் கொட்டிக் கிடந்தது; விரல் நீளப் பச்சைக் காய், கடித்தால் பல் கூசும். மூன்று பேரும் சாயங்காலம் வரை பறித்து, இடித்து, பிழிந்து ஊற்றினார்கள்.

சிவப்பு போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது என்பது எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. புதன்கிழமை காலை பரஞ்சோதி பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஈரத் துணியைப் பேருந்தில் ஏற்றித் தாமான் திடலுக்குக் கொண்டுபோனான். வேலி முழுக்க உறைகள். போகிறவர் வருகிறவரெல்லாம் புரட்டிப் போட்டார்கள். "யார் வீட்டுல கல்யாணம்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். வாசுகி ஒவ்வொரு கறையாகக் குனிந்து பார்த்துப் பார்த்து, வெளுக்க வெளுக்கச் சின்னப் பெண்போலத் துள்ளினாள்.

வெள்ளிக்கிழமை சுப்பிரமணியம் வந்தார். மடித்த உறைகளைத் தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். துணி திடமாக இருந்தது. அடுக்கில் இருந்தவை நூற்றுப் பத்தொன்பது. மிச்சமிருந்த ஒன்றை வாசுகி கையில் தனியாகப் பிடித்திருந்தாள். அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு மஞ்சள் போகாமல் நின்றுவிட்டது. அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் அந்தக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அடுக்குக்கு நடுவுல சொருவியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எனக்குத் தெரியுமே அண்ணே."

சுப்பிரமணியம் அந்த உறையை அவள் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது என் ஆபீஸ் நாக்காலிக்கு. மத்ததெல்லாம் திங்கக்கெழம அழுக்கா வரும். வீட்டுல இரு."