ஐஸ் இல்லாத துறையிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

புலமைப்பரிசிலில் படிப்பது ஒரு தொழில். அதில் படிப்பது பாதி, நன்றி சொல்வது பாதி. இந்தத் தொழிலில் இருந்து கஷ்டப்பட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. உங்களுக்கும் இப்படித்தான் நடந்ததா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் படுவான்கரைக்காரன், இறால் பிடிப்பவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தைப் பழைய புத்தகங்களிலிருந்து நானே படித்தேன். ஆங்கிலமும் அப்படித்தான், ஒரு கிழிந்த அகராதியோடு. நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த வருடம் என் மனைவி பவளம் இறந்துபோனாள். இருபது வருடமாக நான் பிடித்த இறாலைத் தோணித்துறையில் விற்றவள் அவள். எங்கள் துறையில் ஐஸ் இல்லை. வெயில் ஏறினால் இறாலின் தலை கறுத்துவிடும். அதனால் காலையில் வரும் கூலர் லொறிக்காரர் சொன்னதுதான் விலை. மீன்பிடிக்கிறவர்களே சேர்ந்து நடத்தும் ஓர் ஐஸ் களஞ்சியம் வேண்டுமென்பது பவளத்தின் யோசனை. அதை எப்படி நடத்துவதென்று படிக்கத்தான், சமூகப் பயனுக்கான வணிக முகாமைத்துவப் பட்டத்துக்கு நாற்பத்தெட்டு வயதில் விண்ணப்பித்தேன்.

நேர்முகம்

புலமைப்பரிசில் தருகிற உதவி நிறுவனத்தின் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் திட்ட அதிகாரி. “சமூகத்துக்கு என்ன மாற்றத்தக் கொண்டுவருவீங்க?” என்று கேட்டார். “எங்கட துறைக்கு ஐஸ் கொண்டுவருவன்” என்றேன். தலை கறுக்கிற கதையையும் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை. “ஐஸ் சின்ன விசயம் ஐயா. கொஞ்சம் பெரிசா யோசிங்க” என்றார்.

உள்ளே வரும்போது நடையில் ஒரு பலகையைப் பார்த்திருந்தேன். அதில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: “நிலைபேறான வாழ்வாதார மேம்பாடு.” மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் ஓடின. அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீங்களா ஐயா, உங்களுக்குள்ளயே இருந்திருக்கு!”

வெள்ளைச் சட்டை

புலமைப்பரிசில் கிடைத்தது. முதல் வருடம் நிறுவனத்திலிருந்து படம் எடுக்க வந்தார்கள். பட்டப் படிப்பு மாணவன் என்பதால் வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு நின்றேன். படம் எடுக்கும் பையன் சட்டையைக் கழற்றச் சொன்னான். சாரத்தை மடித்துக் கட்டி, வீச்சுவலையோடு தண்ணீரில் இறங்கச் சொன்னான். உச்சி வெயிலில் அந்த இடத்தில் எவரும் வலை வீச மாட்டார்கள். தோணியில் போன இரண்டு பேர் எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு அது பிடிக்கவில்லை. சிரிக்காதீங்க என்றான், தலையைக் குனியுங்க என்றான், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கமராவை இறக்கிவிட்டு, மிக மரியாதையாகவே கேட்டான்: “ஐயா, தவறிப்போன உங்கட மனிசிய ஒருக்கா நினைச்சுக்கொண்டு பாருங்க.”

வகுப்பில்

விரிவுரையாளர் என் மகன் வயதுக்காரர். நல்ல பிள்ளை. பொருளைக் களஞ்சியத்தில் வைத்து விலை ஏறும்போது விற்பதைப் பற்றிப் படிப்பித்தார். நான் எழும்பி, “சேர், பொருள் இறாலா இருந்தா?” என்று கேட்டேன். அவர் பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பயப்படாதீங்க ஐயா, சோதினைக்கு இறால் வராது.”

விருந்தாளிகள்

மூன்றாம் வருடம், நிறுவனத்துக்குக் காசு தருகிற வெளிநாட்டுக்காரர்கள் துறையைப் பார்க்க வந்தார்கள். பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். காலை ஆறரைக்கு வந்துவிடுவார்கள், அதற்குமுன் இறாலை விற்றுவிட வேண்டாம் என்று அதிகாரி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் துறையில் கேட்டேன். பதினொரு வீட்டார் சம்மதித்தார்கள். வருகிறவர்களுக்கு வெறுங் கூடையைக் காட்டுவது எங்கள் பக்கத்தில் அவமானம். ஏழு மணிக்கு லொறி வந்தது. நின்று பார்த்தது. போய்விட்டது.

அவர்கள் வந்தது பத்தரைக்கு. இளநீர் வெட்டிக் கொடுத்தோம். இறாலின் தலையெல்லாம் கறுத்து, நாற்றம் தொடங்கிவிட்டது. ஓர் அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதிகாரிக்கோ பெரிய சந்தோசம். ஒரு கறுத்த இறாலைத் தூக்கிக் காட்டி, “இப்ப பிரச்சின வடிவா விளங்குது, இல்லையா?” என்று எங்களையே கேட்டார். படம் எடுத்தார்கள், போனார்கள்.

இருபது வருடம் பவளத்துக்குப் பக்கத்தில் இருந்து இறால் விற்றவர் கனகம்மா அக்கா. தன் கூடையை நீர்க்காகங்களுக்குக் கொட்டிவிட்டு என்னிடம் வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. “தம்பி, நீங்க படிக்கிறதுக்கு எங்கட இறால் ஏன் நாறணும்?”

கடிதம்

கடைசி வருடத்துக்கு உதவி வேண்டுமென்றால், அந்த வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகும் ஒரு நன்றிக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். என் பெயரில் ஆங்கிலத்தில் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நான் கதிரையை இழுத்துப்போட்டு வாசிக்கத் தொடங்கினேன். “அது வழமையான கடிதந்தான் ஐயா. கீழ ஒப்பத்தப் போட்டாச் சரி” என்றார் அதிகாரி. நான் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக.

உங்கள் உதவியால் எங்கள் துறையில் ஐஸ் களஞ்சியம் இயங்குகிறது என்று இருந்தது. இறால் இப்போது பழுதாவதில்லை என்று இருந்தது. கனகம்மா குடும்பம் மகிழ்ச்சியாக வாழ்கிறது என்றும் இருந்தது. பக்கத்தில் அன்றைக்கு எடுத்த அவருடைய படம். என் பெயரில் பொய் எழுதியதைக்கூடப் பொறுத்திருப்பேன். கனகம்மா அக்காவின் முகத்தைப் போட்டு எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. பேனாவை எடுத்து அந்த வரிகளை வெட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கீழே எழுதினேன்: ‘எங்கள் துறையில் ஐஸ் இல்லை. நீங்கள் வந்த அன்று, உங்களுக்காகக் காத்திருந்து பதினொரு வீட்டாரின் இறால் பழுதாகிப்போனது.’ பிறகு ஒப்பமிட்டேன். அதிகாரி அதை இரண்டுதரம் வாசித்தார். அவர் கேட்டது இதுதான்: “இவ்வளவு இங்கிலிஸ் தெரிஞ்ச ஆளுக்கு ஸ்கொலஷிப் எதுக்கு?”

உதவி நின்றது. கடைசி வருடத்தை என் உழைப்பில் படிக்கிறேன். வகுப்பு நாட்களில் என் கூடையைக் கனகம்மா அக்கா கேட்காமலே எடுத்துப்போய் விற்றுத் தருகிறார். ஐஸ் இன்னும் வரவில்லை.

அந்த நிறுவனம் விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான்: மூன்று வருடம் ஒருவனைப் படிப்பித்துவிட்டு, அவன் கடிதத்தை வாசிக்க மாட்டான் என்று நம்பியது.