மூடிக்குள் வைத்த சந்தனம்

எழுபதுகளின் நடுப்பகுதி. காங்கேசன்துறைக்குக் கிட்ட ஒரு மணல் ஒழுங்கையில் எங்கள் வீடு. என் கணவரிடம் ஒரு பழைய வான் இருந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் அதை ஏற்றி வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று அவருக்கு விற்றுவிட்டுப் போனது. உள்ளே படுக்கை, சின்ன அலுமாரி, சன்னல்களுக்குத் திரைச்சீலை எல்லாம் உண்டு. எஞ்சின் பின்பக்கம். குடும்பங்களைக் கோவில்களுக்கு ஏற்றிப் போவதுதான் அவருடைய தொழில். ஒழுங்கைக்காரர் அதைப் 'படுக்கை வான்' என்பார்கள்.

ஆயுதபூசையன்று காலை அவர் வானைக் கழுவி, மாலை போட்டு, சக்கரங்களுக்கும் விளக்குகளுக்கும் சந்தனம் வைத்தார். இனி அடுத்த நாள்வரை வண்டியை எடுக்கக் கூடாது. அவர் குளிக்கப் போன நேரம், உண்மையாக உழைக்கிறது எஞ்சின்தானே, அதற்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று எனக்குப் பட்டது. பின்மூடியைத் திறந்தேன். வயர்கள் எல்லாம் ஒரு கறுப்பு மூடியில் வந்து சேர்ந்தன. அது இரண்டு கொளுக்கிகளில் நின்றது. நெம்பினேன், கழன்றது. உள்ளே சுற்றிவர நாலும் நடுவில் ஒன்றுமாக ஐந்து குமிழ்கள், விளக்கின் ஐந்து முகம் போல. பன்னீரில் குழைத்த சந்தனத்தை ஐந்துக்கும் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, மூடியைத் திரும்பப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு எழும்பினவர் அப்படியே சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பொத்தினார். முகம் வெளிறி, வேர்வை ஊற்றியது. வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அதுவரை நான் அவரோடு நேரே கதைத்ததில்லை.

அவர் வாடகைக் கார் தேடிச் சந்திக்குச் சைக்கிளில் போய், வெறுங்கையோடு திரும்பினார்.

"எல்லாக் காரும் மாலை போட்டு நிக்குது, பிள்ளை. ஓடுறவை ஒருத்தரையும் காணேல்லை. வானுக்குள்ளை ஏத்துவம். நான் முந்தி ஓடினனான்."

"எப்ப, மாஸ்டர்?" கணவர் முனகினார்.

"வெள்ளைக்காரன்ரை காலத்திலை."

இருவருமாகத் தாங்கிக்கொண்டு போய் அவரை வானின் படுக்கையில் கிடத்தினோம். தலை எஞ்சினுக்கு நேர் மேலே கிடந்தது. மாஸ்டர் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் சுற்றிச் சுற்றி இழுத்ததே தவிரப் பிடிக்கவில்லை. கணவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"சுத்துதுதானே. அப்ப பற்றரியிலை பிழையில்லை. பெற்றோல் மணக்குதோ பாரும்."

"மணக்குது," என்றேன்.

"அப்ப கரண்ட்தான் வரேல்லை."

எஞ்சினைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். ஆனாலும் அந்த ஐந்து குமிழ்களும் கண்ணுக்கு முன் வந்து நின்றன. சாமிக்கு வைக்கிற சந்தனம் கெடுதல் செய்யுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாஸ்டருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? பேசாமல் நின்றேன்.

கணவர் படுத்தபடியே சொல்லித்தந்தார். பிளக்கில் இருந்து ஒரு வயரைக் கழற்றி, காய்ந்த துணியால் பிடித்து, நுனியை இரும்புக்குக் கிட்டக் காட்ட வேண்டும்; கரண்ட் வந்தால் பொறி பாயும். காட்டினேன். மாஸ்டர் திருப்பினார். ஒன்றும் இல்லை. அடுத்த வயரிலும் இல்லை. எஞ்சின் சுற்றுகிற சத்தம் ஒவ்வொரு தரமும் களைத்துக்கொண்டு போனது.

"பற்றரி இறங்குது," என்றார் மாஸ்டர். "இனி ரெண்டு மூண்டு தரம்தான் தாங்கும்."

கணவரிடமிருந்து சத்தமில்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

கண் திறந்தார். "மூடிக்கு நடுவிலை ஒரு தடிச்ச வயர். அதை இழுத்துக் காட்டும்."

மாஸ்டர் திருப்பியதும் நீலப் பொறி ஒன்று சடாரென்று பாய்ந்தது. நான் கத்திக்கொண்டு வயரை விட்டுவிட்டேன்.

"மூடிவரைக்கும் கரண்ட் வருது," என்றார் கணவர் மெதுவாக. "உள்ளுக்குத்தான் பிழை. நேற்று வடிவா ஓடினது. ஏனெண்டு விளங்கேல்லை."

"நான்தான்," என்றேன். "உள்ளுக்குச் சந்தனம் வைச்சனான்."

மாஸ்டர் முன் ஆசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "எதுக்குள்ளை?"

"மூடிக்குள்ளை. அஞ்சு குமிழுக்கும். குங்குமமும்."

கணவரின் முகம் கோணியது. நோவா சிரிப்பா என்று தெரியவில்லை.

"பூவும் வைச்சனீரோ?"

"வைச்சுப் பாத்தனான். மூடி பூட்டுப்படேல்லை."

"கர்த்தரே," என்றார் மாஸ்டர்.

மூடியைக் கழற்றினேன். சந்தனம் இன்னும் ஈரமாகவே இருந்தது. சேலைத் தலைப்பால் ஒவ்வொரு குமிழையும் துடைத்தேன், இடுக்குகளைச் சுரண்டினேன், வாயால் ஊதினேன். மூடியைத் திரும்பப் பூட்டும்போது கொளுக்கி இரண்டு தரம் வழுக்கியது. கழற்றின வயர்களைத் திரும்பச் செருகினேன். மாஸ்டர் வாய்க்குள் செபம் சொல்லித் திறப்பைத் திருப்பினார். சோம்பலாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதோடு பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் வானைத் தெருவுக்கு நடுவில் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் கணவரின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அவரைச் சோதித்தபடி, "நோ தொடங்கி எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"அரை மணித்தியாலம்," என்றேன்.

அவர் எழுதினார். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உண்மையில் இரண்டு மணித்தியாலம் ஆகிக்கொண்டிருந்தது. அதில் நான் பேசாமல் நின்ற நேரமும் இருந்தது. அதை மறைக்கத்தான் வாய் அப்படிச் சொன்னது. இந்த நேரத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்களோ என்று எனக்குப் பட்டது. அவ்வளவு சனத்துக்கும் நடுவே ஓடிப்போய் டொக்டரை மறித்தேன்.

"டொக்டர், நான் சொன்னது பொய். ரெண்டு மணித்தியாலம். வான் ஸ்ராட் வரேல்லை. அது என்ரை பிழை."

அவர் எழுதினதை வெட்டித் திருத்தினார். "முதலே சொல்லியிருக்கலாமே அம்மா," என்றுவிட்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

கணவர் தப்பிவிட்டார். ஆனால் அது எனக்கு அடுத்த நாள் காலையில்தான் தெரியும். அதுவரை அந்த வாசலை விட்டு நகரவில்லை. மாஸ்டர் வாங்கித் தந்த தேத்தண்ணி கையிலேயே ஆறிப்போனது. யார் வெளியே வந்து கேட்டாலும் இரண்டு மணித்தியாலம் என்று சொல்லத் தயாராக நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.